கற்குன்றுகளில் இளவேனில்: பரங்கிமலை முதல் வண்டலூர் வரை

சென்னைக் கடற்கரையிலிருந்து செங்கல்பட்டு செல்லும் மின்சார ரயில் பரங்கிமலையைத் தாண்டியதும் இரு பக்கமும் கற்குன்றுகள் தலைகாட்டத் தொடங்குகின்றன. திரிசூலம், பல்லாவரம், பம்மல், திருநீர்மலை, தாம்பரம் சானடோரியத்தை ஒட்டிய பச்சைமலை, கிழக்கே நன்மங்கலம், பெரும்பாக்கம், தெற்கே வண்டலூர் என ஊர்ப் பெயராலேயே அவை அறியப்படுகின்றன. ஐந்நூறு அடியைத் தாண்டுபவை அரிது. ஏலகிரியையும் நீலகிரியையும் பார்த்துப் பழகியவருக்கு இவற்றை மலை என்று சொல்ல வாய் வராது. ஆனால் கடலோரச் சமவெளியின் மண்ணைப் பிளந்துகொண்டு பாறை வெளியே வந்திருக்கும் இடங்கள் இவை. சமவெளியில் வயலும் வீடும் பிடித்துக்கொண்ட பிறகு, பழைய காட்டின் மிச்சம் தங்கியிருப்பதும் இவற்றின் சரிவுகளில்தான்.

இங்கே வேனில் எப்படி வருகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். சென்னை வட்டாரத்தில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் வடகிழக்குப் பருவக்காற்று கொண்டுவருவது. தை பிறந்தால் மழை நின்றுவிடும். மாசியிலும் பங்குனியிலும் மழை என்பது பெயரளவுக்குத்தான். குளிர்நாடுகளில் பனி உருகி ஈரம் பெருகும்போது வசந்தம் பிறக்கிறது. இங்கே ஈரம் போன பிறகு பிறக்கிறது. புல் காய்ந்து வைக்கோல் நிறமாகிறது, குட்டைகள் வற்றுகின்றன, இலை உதிர்க்கும் மரங்கள் வெறும் கொம்பாகின்றன. அந்த வறட்சிக்கு நடுவில், ஒரு சொட்டு மழையும் இல்லாமல் மரங்கள் பூக்கின்றன, துளிர்க்கின்றன. பாறை வெடிப்புகளில் இறங்கித் தங்கிய பருவமழை நீரும், அதைத் தேடி ஆழம் போன வேர்களும்தான் இந்த வேனிலுக்கு முதல். இலக்கணம் இளவேனிலைச் சித்திரை, வைகாசிக்கு ஒதுக்கினாலும், குன்றுகளில் அது மாசி நடுவிலேயே தொடங்கிவிடுகிறது. சித்திரை நடுவுக்கு மேல் போனால் பார்க்க வருபவருக்கு வெயில்தான் மிஞ்சும்.

அந்தப் பாறையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நீலச் சாயல் கொண்ட சாம்பல் நிறக் கருங்கல் அது. புவியியலாளர் அதைச் சார்னோக்கைட் என்கிறார்கள். கல்கத்தா நகரத்தோடு பெயர் இணைந்துவிட்ட ஜோப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்த வகைதான் என்று கண்ட தாமஸ் ஹாலண்ட், 1893-இல் அந்தப் பெயரைச் சூட்டினார். அதே கல்லைப் பரங்கிமலை, பல்லாவரம் பகுதியில் அவர் விரிவாக ஆராய்ந்தார். உலகின் எந்த மூலையில் இவ்வகைப் பாறை கிடைத்தாலும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய மூல இடம் இந்தப் புறநகர்தான். புவியியல் ஆய்வுத்துறை பரங்கிமலைப் பாறையைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது. பூமியின் மேலோட்டில் மிக ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவான கல், மேலிருந்ததெல்லாம் தேய்ந்து போன பிறகு வெளியே தெரிகிறது. ஜல்லிக்கு இதைவிடக் கெட்டியான கல் கிடைக்காது. சென்னையின் சாலைகளுக்கும் கட்டடங்களுக்கும் இந்தக் குன்றுகள் பல தலைமுறைகளாக உடைக்கப்பட்டதற்குக் காரணம் அதுதான். பாதிக் குன்றுகள் இன்று பாதியாகவே நிற்கின்றன.

வடக்கிலிருந்து வந்தால் முதலில் பரங்கிமலை. சுமார் 300 அடி உயரம். மேலே போர்த்துகீசியர் காலத்துத் தேவாலயம். ஆர்மீனிய வணிகர் பெத்ரோஸ் உஸ்கான் 1726-இல் கட்டிக்கொடுத்த படிக்கட்டு இன்றும் பயன்படுகிறது. வில்லியம் லாம்டன் இந்தியாவை முக்கோணங்களாக அளக்கும் பெருவேலையின் முதல் அடிக்கோட்டை 1802 ஏப்ரல் 10 அன்று இந்த மலையடிவாரத்தில் போடத் தொடங்கினார். தெற்கே பெரும்பாக்கம் குன்று வரை ஏழரை மைல் நீளம், அதாவது சுமார் 12 கிலோமீட்டர். நூறடி எஃகுச் சங்கிலி வெயிலில் நீளும் என்பதால், ஒவ்வொரு முறை சங்கிலியை நீட்டும்போதும் வெப்பமானி பார்த்துக் கணக்கைத் திருத்த வேண்டியிருந்தது. பங்குனி முடிந்து சித்திரை பிறக்கும் நேரத்தில் திறந்தவெளியில் அந்த வேலையைத் தொடங்கியவரின் துணிச்சலை மெச்சத்தான் வேண்டும்.

காட்டுயிர் பார்க்க வருபவருக்குப் பரங்கிமலை அதிகம் தராது. ஆனால் பங்குனிக் காலையில் உச்சியிலிருந்து பார்த்தால் இந்த வட்டாரத்தின் வேனில் எப்படிப் பரவுகிறது என்பது ஒரே பார்வையில் விளங்கும். கீழே தெருவோரப் புங்க மரங்கள் பழைய இலையை உதிர்த்த சில நாட்களிலேயே பளபளக்கும் இளம்பச்சையில் மூடியிருக்கும். அரசமரங்கள் செம்பு நிறத் தளிரில் நிற்கும். வேம்பு பூத்து, தமிழ்ப் புத்தாண்டுப் பச்சடிக்குத் தயாராக இருக்கும். வெயில் ஏறி, பாறை சுட்டு, காற்று மேலெழத் தொடங்கியதும் கரும்பருந்துகளும் செம்பருந்துகளும் அதன் மேல் ஏறி வட்டமிடும். நண்பகலை ஒட்டிக் கடற்காற்று நுழையும்போது வெக்கை சற்றே தணியும். சித்திரை பிந்தி மேல்காற்று வலுத்துவிட்டால் கடற்காற்று பிற்பகல்வரை வராது. சில நாள் வரவே வராது. அந்த நாட்களில் குன்றேறுவது வீண் வேலை.

அடுத்தது திரிசூலம். நான்கு குன்றுகளுக்கு நடுவில் சோழர் காலத்துச் சிவன் கோயில், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் விமான ஓடுபாதை. குன்றுகளின் உட்புறம் கல்குவாரிகளாகக் குடையப்பட்டு, கைவிடப்பட்ட பள்ளங்களில் பச்சை நிறத்தில் தண்ணீர் நிற்கிறது. பல்லாவரத்திலும் நன்மங்கலத்திலும் இதே காட்சிதான். குன்றை அழித்த குவாரி, கைவிடப்பட்ட பின் உயிர்களுக்கு இரண்டு புதிய இடங்களைக் கொடுத்துவிட்டது. ஒன்று, நாயோ ஆளோ ஏற முடியாத செங்குத்துப் பாறைச்சுவர். இன்னொன்று, கோடையிலும் வற்றாத நீர். வெடிவைத்துப் பிளந்தவர்கள் இதை எண்ணிச் செய்யவில்லை. இதைச் சொல்லிக் குவாரியை நியாயப்படுத்தவும் முடியாது. ஆனால் இன்றைக்கு இந்தக் குன்றுகளில் பறவை பார்க்கப் போகிறவர் முதலில் தேடுவது பழைய குவாரியின் விளிம்பைத்தான். தண்ணீர் அருமையானபோது மனிதரும் அங்கேதான் போனார்கள். 2017 வறட்சியில் மாங்காட்டை அடுத்த சிக்கராயபுரம் குவாரிகளின் நீர் சுத்திகரிக்கப்பட்டுச் சென்னைக்குக் குடிநீராக வந்தது.

பல்லாவரத்தில் கல்லுக்கு வேறொரு வரலாறும் உண்டு. மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த குகைக்கோயில் இங்கே இருக்கிறது. அவனது விருதுப் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. பிற்காலத்தில் அது இஸ்லாமியர் வழிபடும் இடமானது. அதற்கும் வெகுகாலம் முந்தைய மனிதரின் தடயத்தை, புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863 மே 30 அன்று இங்கே கண்டெடுத்தார். செம்பூரான்கல் சரளையிலிருந்து கிடைத்த ஒரு கற்கருவி அது. இந்தியாவின் பழைய கற்கால ஆய்வு அதிலிருந்து தொடங்குகிறது. அக்னி நட்சத்திரம் முடிந்த ஓரிரு நாளில் சரளைக் குழியைக் கிளறிக்கொண்டிருந்த மனிதர் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

அந்தச் சரளை நிலம் ஆள்காட்டிக்குப் பிடித்தமானது. செம்மூக்கு ஆள்காட்டி கூடு கட்டுவதில்லை. வெறும் தரையில் நான்கைந்து கூழாங்கற்களை ஒதுக்கி, நடுவில் முட்டையிடும். வழக்கமாக நான்கு முட்டை. சரளையின் நிறமும் முட்டையின் நிறமும் ஒன்றாக இருப்பதால், மிதிக்கும் தூரத்துக்கு வந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. பங்குனி வெயிலில் தரை கொதிக்கும்போது தாய்ப்பறவை தண்ணீருக்குப் போய் வயிற்று இறகை நனைத்து வந்து முட்டைகளின் மேல் அமரும். ஆள் நெருங்கினால் இரண்டும் தலைக்கு மேல் பறந்து கத்தும். அந்தச் சத்தம் கேட்டால் எட்டிப் பார்க்காமல் வந்த வழியே நாலடி பின்வாங்குவதுதான் நல்லது. வீட்டுமனைக்காகச் சமன்படுத்திப் போட்ட காலி நிலங்களிலும் இவை முட்டையிடுகின்றன. அடுத்த வாரம் பொக்லைன் வரும் என்று அவற்றுக்குத் தெரிய வழியில்லை.

மேற்கே விலகிப் போனால் திருநீர்மலை. நின்றும் இருந்தும் கிடந்தும் நடந்தும் நான்கு கோலத்தில் பெருமாள் காட்சி தரும் திவ்வியதேசம். நின்ற கோலம் அடிவாரத்தில், மற்ற மூன்றும் மலைமேல். மலையைச் சுற்றி நீர் சூழ்ந்திருந்ததால் திருமங்கையாழ்வார் ஆறு மாதம் காத்திருந்து தரிசித்தார் என்று தலபுராணம் சொல்கிறது. மழைக்காலத்தில் இந்த ஏரிக்கரையைப் பார்த்தவருக்கு அது மிகையாகத் தோன்றாது. படிக்கட்டோரப் பாறைகளில் கருஞ்சிட்டுகளைப் பார்க்கலாம். கன்னங்கரேலென்ற ஆண், வாலை முதுகின் மேல் நிமிர்த்தும்போது அடியில் செங்கல் நிறம் தெரியும். கல்லிடுக்குகளிலும் மதில் பொந்துகளிலும் பங்குனி, சித்திரையில் இது கூடு வைக்கும். கோயில் குரங்குகளுக்குத் தேங்காய் மூடியும் பிஸ்கட்டும் கொடுக்கும் வழக்கம் இங்கும் இருக்கிறது. பறவைக் கூடுகளைக் கலைப்பதில் குரங்குக்கு நிகரில்லை, அதற்குத் தீனி போட்டுப் பெருக்குவது மனிதர் வேலையாக இருக்கிறது.

தாம்பரம் சானடோரியம் என்ற நிலையப் பெயரே ஒரு காலத்தின் நம்பிக்கையைச் சொல்கிறது. காசநோய்க்கு மருந்து கண்டுபிடிக்கப்படாத காலத்தில் சுத்தமான காற்றும் மரநிழலும் ஓய்வும்தான் சிகிச்சை. டாக்டர் டேவிட் சௌரி முத்து 1928-இல் பச்சைமலை அடிவாரக் காட்டில் தம் காசநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. பச்சைமலையைப் பங்குனியில் பார்ப்பவருக்கு அந்தப் பெயர் கேலியாகப் படும். பாறையும் பழுப்புப் புல்லும்தான் எங்கும். அந்தப் பழுப்பில் நெருப்பு வைப்பது ஆண்டுதோறும் நடக்கிறது. பீடித்துண்டோ, குப்பை எரிப்பதோ, விளையாட்டுக்குக் கொளுத்துவதோ, எதுவானாலும் சரிவு முழுக்கப் பரவிவிடும். காய்ந்த புல்லில்தான் கௌதாரியும் பக்கியும் தரையில் முட்டையிடுகின்றன. தீ போன பிறகு புல் திரும்ப வரும். முட்டை வராது.

கிழக்கே நன்மங்கலத்துக்கு வருவோம். வேளச்சேரியிலிருந்து தாம்பரம் செல்லும் சாலையில், மேடவாக்கத்தை ஒட்டி 320 ஹெக்டேர் காப்புக்காடு. இருபுறமும் அடுக்குமாடிகள். காடு என்றதும் வானளாவிய மரங்களை எதிர்பார்ப்பவர் ஏமாந்து போவார். ஆள் உயரத்துக்குச் சற்று மேல் நிற்கும் முட்புதர்தான். ஆனால் இந்தப் புதர் சோழமண்டலக் கரையின் சொந்தக் காடு. தாவரவியலாளர் இதை வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்பார்கள். கரையோரமாக ஒரு பட்டையாக நீண்டிருந்த இது, இன்று கோயில்காடுகளிலும் சில காப்புக்காடுகளிலும் துண்டு துண்டாகத்தான் எஞ்சியிருக்கிறது. அதில் பாதிச் செடிகள் கோடையிலும் இலையை விடுவதில்லை. சிறிய, தடித்த, பளபளப்பான இலைகளால் நீரை வெளியேவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. களா, காரை, சூரை, முட்சங்கன், காட்டெலுமிச்சை, மிளகரணை என்று பெயர் சொல்லிக்கொண்டே போகலாம். பெரும்பாலானவை முள்ளோடு இருப்பவை.

மாசிக் கடைசியில் இங்கே முதலில் கண்ணில் படுவது அழிஞ்சில். இலையெல்லாம் கொட்டி நிற்கும் கொம்புகளில் வெள்ளைப் பூ கொத்துக்கொத்தாக வரும். வாசனை பத்தடி தூரத்துக்கு எட்டும். பூவுக்குப் பின்னால்தான் இலை. அடுத்து காயா. ஆண்டு முழுவதும் கவனிக்கப்படாமல் நிற்கும் இந்தச் செடி, இரண்டு வாரத்துக்கு மட்டும் கிளை ஓரமெல்லாம் நீலத்தை அப்பிக்கொள்ளும். திருமாலின் நிறத்துக்குப் புலவர்கள் சொன்ன பூ இதுதான். சென்னைக்குள் இருக்கும் ஒருவர் அதைப் பார்க்க வேண்டுமானால் இப்படி ஒரு புதர்க்காட்டுக்குத்தான் வர வேண்டும். களாவின் வெள்ளைப்பூ மல்லிகைக்கு ஈடாக மணக்கும். சித்திரை, வைகாசியில் அதன் காய் கறுத்துப் பழுக்கும். வெப்பாலையும் பாவட்டையும் வெள்ளையாகப் பூக்கும். சரக்கொன்றை மஞ்சளாகத் தொங்கத் தொடங்கும்போது கொன்றை வெள்ளையன் பட்டாம்பூச்சிகள் அதன் தளிரில் முட்டையிட வரும். சாலையோர எருக்கை யாரும் மதிப்பதில்லை. ஆனால் வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழு அதன் இலையைத் தின்றுதான் வளர்கிறது. எருக்கின் நச்சு அந்தப் புழுவின் உடம்பில் தங்கி, பட்டாம்பூச்சியானதும் பறவைகளிடமிருந்து அதைக் காக்கிறது.

பூவைத் தேடி ஊதாத் தேன்சிட்டு வருகிறது. பனிக்காலத்தில் மங்கிய இறகோடு திரிந்த ஆண், மாசிக்குள் கருநீல மினுமினுப்புக்கு மாறிவிடும். மாம்பழச்சிட்டின் முதுகிலும் கறுப்பு ஏறும். வெண்புருவச் சின்னான் புதருக்குள்ளிருந்து படபடவென்று பாடும், வெளியே வராது. இதைப் பார்ப்பதைவிடக் கேட்பதே எளிது. செண்பகம் அடித்தொண்டையில் கூவும். மண்சரிவுகளில் பச்சைப் பஞ்சுருட்டான்கள் கையளவு நீளத்துக்கும் மேலே வளை தோண்டிக் குஞ்சு பொரிக்கும். ஓணான்களுக்கும் இதுதான் காலம். ஆண் ஓணானின் தலையும் தொண்டையும் சிவந்து, கல்லின் மேல் ஏறித் தண்டால் எடுக்கும். சிறுவர்கள் அதைக் கல்லால் அடிப்பது குறைந்துவிட்டது நல்ல செய்தி. தரையில் ஓடும் விசிறித்தொண்டை ஓணான் தொண்டைத் தோலை விரித்து மூடி விரித்து மூடி எதிரியை விரட்டும்.

நன்மங்கலத்தைப் பறவை பார்ப்பவர்களிடம் பெயர்பெறச் செய்தது இவை எதுவுமில்லை, கொம்பன் ஆந்தைதான். இந்தியாவின் பெரிய ஆந்தைகளில் ஒன்று. தலையில் கொம்பு போன்ற இரண்டு இறகுக்கற்றை, நெருப்பு நிறக் கண். பாறைத் திட்டில் அசையாமல் உட்கார்ந்திருந்தால் பாறையோடு பாறைதான். இது குச்சி சேர்த்துக் கூடு கட்டுவதில்லை. குவாரிச் சுவரின் விளிம்பில் வெறும் மண்ணில் முட்டையிடும். கார்த்திகை, மார்கழியில் தொடங்கும் இனப்பெருக்கம் மாசி, பங்குனியில் குஞ்சுகள் வெளியே தெரியும் நிலைக்கு வரும். அந்தி மயங்கும் நேரத்தில் ஆழ்ந்த இரட்டைக் குரல் பள்ளம் முழுக்க எதிரொலிக்கும். அதை அபசகுனம் என்று கல்லெறிபவர்கள் இருக்கிறார்கள். பில்லிசூனியக்காரருக்காகப் பிடிப்பவர்களும் இருக்கிறார்கள். ஆந்தையின் முதன்மை இரை எலி. சுற்றியுள்ள குடியிருப்புகளின் குப்பையில் எலிக்குப் பஞ்சமில்லை. நஞ்சு வைத்துக் கொன்ற எலியைத் தின்னும் ஆந்தையும் சாகும் என்பது மட்டும் பலருக்குத் தெரிவதில்லை.

இந்தக் காட்டில் சுமார் 85 வகைப் பறவைகள் பட்டியலிடப்பட்டிருக்கின்றன. நரியும் முயலும் கீரியும் உண்டு. தரையில் வளரும் அரிய ஆர்க்கிட் செடிகளும் உண்டு. எல்லாவற்றையும் மெல்ல நெருக்குவது சீமைக் கருவேலமும் உன்னிச்செடியும். கான்கிரீட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். காட்டின் சரிவில் விழும் மழை கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகள் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குப் போகிறது. சதுப்புநிலம் 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அதற்கு நீர் தரும் குன்றுகளுக்கு அப்படி ஒரு பெருமை கிடைக்கவில்லை.

பங்குனி, சித்திரை வந்து சேரும் காலம் மட்டுமல்ல, விடைபெறும் காலமும்கூட. பனிக்காலத்துக்கு வடக்கிலிருந்து வந்த மாங்குயிலும் அரசவால் ஈப்பிடிப்பானும் இந்த நாட்களில் திரும்பிவிடும். ஆறுமணிக்குருவி கடைசியாகக் கிளம்பும் கூட்டத்தைச் சேர்ந்தது. காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் இரட்டை விசில் அடிப்பதால் வந்த பெயர் அது. பச்சை, நீலம், சிவப்பு, மஞ்சள் எல்லாம் பூசிக்கொண்ட இந்தத் தரைப்பறவை, சருகைக் கிளறிப் பூச்சி தின்றபடி இங்கே பனிக்காலத்தைக் கழித்துவிட்டு, சித்திரையில் மத்திய இந்தியாவுக்கும் இமயமலை அடிவாரத்துக்கும் போய்க் கூடு கட்டும். அது போகும்போது குயில் தொண்டையைத் திறக்கும். பனிக்காலத்திலும் குயில் இங்கேயேதான் இருந்தது, வாய் திறக்கவில்லை, அவ்வளவுதான். காகம் கூடு கட்டத் தொடங்கினால்தான் குயிலுக்கு வேலை. ஆண் குயில் காகத்தைச் சீண்டி இழுத்துக்கொண்டு போக, பெண் குயில் கூட்டில் முட்டையிட்டுவிடும். தாம்பரம் தெருக்களில் விடியற்காலை நாலு மணிக்கே கேட்கும் கூவலுக்குப் பின்னால் இருக்கும் கதை இதுதான்.

தாம்பரத்தில் சென்னைக் கிறித்தவக் கல்லூரி வளாகத்தைத் தவிர்த்துவிட்டு இந்த வட்டாரத்தின் இயற்கையைப் பேச முடியாது. 1837-இல் தொடங்கிய கல்லூரி, 1937-இல் நகரத்திலிருந்து சேலையூர்க் காட்டுக்குக் குடிபெயர்ந்தது. 365 ஏக்கர். வேதியியல் பேராசிரியராக இருந்தும் தாவரவியலில் மனம் வைத்த எட்வர்ட் பார்ன்ஸ் இங்கே மரங்கள் நட்டு வளர்த்தவர்களில் முக்கியமானவர். நட்ட மரங்களுக்கு இடையில் நடாத புதரையும் அப்படியே விட்டுவைத்ததுதான் பெரிய காரியம். அதனால்தான் வகுப்பறைக்குப் பக்கத்தில் இன்றும் புள்ளிமான் மேய்கிறது. நன்மங்கலத்துப் புதரை எட்டிநின்று பார்க்கிறவர், அதே இனங்கள் வெட்டுப்படாமல் வளர்ந்தால் எவ்வளவு உயரம் போகும் என்பதை இங்கே பார்க்கலாம். வளாகம் பொது இடமல்ல, நுழைய அனுமதி வேண்டும்.

பெருங்களத்தூர் தாண்டி வண்டலூர். அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா 602 ஹெக்டேரில் குன்றடிவாரத்தில் பரந்திருக்கிறது. எட்வர்ட் பால்ஃபர் 1855-இல் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் தொடங்கிய விலங்குக் காட்சிசாலைதான் இதன் மூலம். வண்டலூரில் 1985-இல் திறக்கப்பட்டது. அப்போது இது சீரழிந்த புதர்நிலம். மேய்ச்சலும் விறகு வெட்டும் நின்று, கன்றுகளும் நடப்பட்ட பிறகு காடு மீண்டது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. பெரிய மரங்கள் விழுந்த இடங்களில் வெளிச்சம் இறங்கிக் கீழ்ப்புதர் செழித்தது. கூண்டுப் புலிக்காக வருபவர்களின் கூட்டத்தில், கூண்டுக்கு வெளியே இருப்பதைப் பார்க்க வருபவர் சிலரே. ஓட்டேரி ஏரிக்கரையில் கொக்கும் நாரையும், சரிவுகளில் தோகை விரிக்கும் மயிலும் யாரும் அடைத்துவைத்தவை அல்ல. மயில் தோகை விரித்தால் மழை வரும் என்பார்கள். வண்டலூர் மயில்களோ சித்திரை வெயிலிலேயே விரித்து ஆடத் தொடங்கிவிடுகின்றன.

நேரமுள்ளவர்கள் செங்கல்பட்டு வரை போய்த் திருக்கழுக்குன்றத்தையும் பார்த்து வரலாம். சுமார் 500 அடி உயர வேதகிரி மலைமேல், நண்பகலில் இரண்டு கழுகுகள் வந்து பண்டாரம் தரும் சர்க்கரைப் பொங்கலைத் தின்றுபோகும் வழக்கம் நூற்றாண்டுகளாக நடந்தது. காசியில் நீராடி, இராமேசுவரத்தில் தரிசித்து, இங்கே உணவருந்தி வருவதாக நம்பிக்கை. உயிரியலின்படி அவை மஞ்சள்முகப் பாறுகள், பிணந்தின்னிகளில் சிறியவை. 1990களின் இறுதிக்குப் பிறகு அவை வரவில்லை. மாட்டுக்குப் போடும் டைக்ளோஃபினாக் மருந்து இந்தியாவின் பாறு இனங்களை அழித்தது தெரியவந்து, 2006-இல் அது கால்நடைப் பயன்பாட்டுக்குத் தடைசெய்யப்பட்டது. மஞ்சள்முகப் பாறு 2007 முதல் உலக அளவில் அழிவின் விளிம்பிலுள்ள இனமாக வகைப்படுத்தப்பட்டிருக்கிறது. திருக்கழுக்குன்றத்தில் அவை நின்றதற்கு மருந்துதான் காரணமா, சுற்றுப்புறம் மாறியதா, மக்கள் சொல்வதுபோல் கலி முற்றியதா என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

போகிறவர்களுக்குச் சில விவரங்கள். காலை ஆறு முதல் ஒன்பது வரை, மாலை நாலரைக்குப் பிறகு, இவ்வளவுதான் பயனுள்ள நேரம். காப்புக்காடுகளுக்குள் செல்ல வனத்துறையின் அனுமதி பெற வேண்டும். உயிரியல் பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. கைவிடப்பட்ட குவாரி நீரில் இறங்கவே கூடாது. கரை செங்குத்து, ஆழம் கண்ணுக்குத் தெரியாது, உயிரிழப்புகள் நடந்திருக்கின்றன. ஆந்தையைப் பார்க்கப் பள்ளத்தின் எதிர்க்கரையே போதும், தொலைநோக்கி இருந்தால் கண்ணிமைகூடத் தெரியும். கூட்டுக்கு அருகில் போய்ப் படமெடுத்தால் தாய்ப்பறவை குஞ்சை விட்டுப் பறந்துவிடும். ஒரே ஒரு காலைதான் கிடைக்கும் என்பவர்கள் பங்குனி முதல் வாரத்தில் நன்மங்கலத்துக்குப் போகலாம். அழிஞ்சிலும் காயாவும் பூத்திருக்கும், ஆறுமணிக்குருவி இன்னும் கிளம்பியிருக்காது, ஆந்தைக் குஞ்சுகள் விளிம்பில் உட்கார்ந்திருக்கும். இந்தக் குன்றுகளில் அதைவிட நல்ல வாரம் இல்லை.